கடல்மீன் தொட்டிக்கும் நம் வயல் பாடம்தான்

இலையில் ஒரு புள்ளி தெரிந்ததும் மருந்துக்கடைக்கு ஓடுகிற பழக்கத்தை நம்மில் பலர் விட்டுப் பல வருடம் ஆயிற்று. மண் நலமாக இருந்தால் பயிர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மீன் தொட்டிப் பக்கம் மட்டும் இந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே புட்டி மருந்துதான் ராஜா.

"மீன் தொட்டிக்கும் உழவனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்குங்க. காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் அடங்கிப்போன வீடுகளில் பிள்ளைகள் வேறு பிழைப்பு தேடுகிறார்கள். சென்னைக் கொளத்தூரைப் பார்த்து வண்ணமீன் வளர்ப்பில் இறங்கியவர்கள் உண்டு. நன்னீர் மீனில் கை பழகியதும் கடல்மீன் மேல் ஆசை போகிறது. விலையும் அதிகம், அழகும் அதிகம். பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் மகன் கடன் வாங்கித் தொட்டி வைத்தார். கோமாளி மீன்கள் வந்த சில நாளிலேயே உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. மீன் விற்றவர் ஒரு செம்பு மருந்தும், கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். கொஞ்ச நாளில் தொட்டி காலி, கடன் மட்டும் மிச்சம்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த வெண்புள்ளி ஓர் ஒட்டுண்ணியின் வேலை. 1994-95இல் நம் கடலோர இறால் பண்ணைகளைச் சூறையாடிய வெண்புள்ளி நோய் வேறு, அது வைரஸ். மீனின் ஒட்டுண்ணி சில நாள் மீன் தோலுக்குள் இருந்து தின்று கொழுத்து, பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் நீந்தி வரும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை செத்துவிடும். பரந்த கடலில் பெரும்பாலானவை அப்படித்தான் சாகின்றன. நாலடித் தொட்டியில் மீனைப் பிடிப்பது அவற்றுக்கு எளிது. ஒரே பயிரை நெருக்கி நட்ட வயலில் பூச்சி பெருகுவதும் இதே கணக்குத்தான்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து; ஒட்டுண்ணியிடம் அது செல்லாது. ஆனால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அது சாகடிக்கும். அம்மோனியா ஏறும், ஏற்கெனவே துவண்ட மீன் செத்துப்போகும். தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால், அந்த மருந்து வேகவதிக்குத்தான் போகிறது. அங்கே கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

மீனுக்கு எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது? முதலில் அதன் வழவழப்பில். கச்சாப் பட்டின் மேல் ஒரு பசை இருக்கும். அதை வேகவைத்து எடுத்த பிறகுதான் சாயம் ஏற்றுவார்கள். பட்டுக்கு அந்தப் பசை போக வேண்டும், மீனுக்கு அந்த வழவழப்பு போகவே கூடாது. கிருமியைத் தடுக்கும் பொருட்கள் அதில்தான் இருக்கின்றன. முரட்டு வலை, காய்ந்த கை, திடீரென மாறும் சூடு, ஏறி இறங்கும் உப்பு எல்லாமே அதைக் கெடுக்கும். நம் ஊர்க் கோடையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும். மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இலேசாக நோய் கண்டு பிழைத்த மீனுக்கு அதே ஒட்டுண்ணியை எதிர்க்கும் சக்தி சில மாதம் இருக்கும். அது பலிக்க வேண்டுமானால் நெருக்கடி இல்லாத தொட்டி, பலவகைத் தீனி, கலங்காத தண்ணீர் வேண்டும். புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா ஊறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதீர்கள். புது மாட்டை நேரே பழைய கொட்டிலில் கட்டுவோமா? மீனையும் நாலு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வயலுக்கு நல்லது என்று பஞ்சகவ்யத்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மண்ணுக்குச் சத்து சேர்க்க வேண்டும். பவளப்பாறைக் கடலோ சத்துக் குறைந்த, தெளிந்த தண்ணீர். அங்கே மிச்சம்தான் நோய். கோயில் குளத்தில் பொரி அள்ளிப் போட்டுப் பழகிய கை, கண்ணாடித் தொட்டி முன்னால் அடங்க வேண்டும். பூண்டுச் சாறும் அப்படித்தான். தீனியில் கலந்தால் மீன் ஆசையாகத் தின்னலாம். ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று நம்பி உட்காரக் கூடாது. நோய் முற்றினால் மருந்து தேவைதான். அதைத் தனித் தொட்டியில், அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். செம்பு கலந்த தண்ணீரில் இறாலும் நத்தையும் பிழைக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால், மீன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அப்படி வந்த மீனுக்கு எந்தப் பராமரிப்பு எதிர்ப்புச் சக்தி தரும்? கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் அந்த வேலை நடந்தது. தொட்டியிலேயே பிறந்த குஞ்சு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, கடைத் தீனியையும் தின்னும். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு மீனும் குறையாது. கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வாங்குவதும் குற்றம். சுட்ட மண் துண்டுகளிலும் நல்ல பாக்டீரியா குடியேறும்.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரியும்வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கொடுவா மீனை வளர்ப்பிலேயே முட்டையிட வைத்தவர்கள் அவர்கள். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுங்கள், பொரிப்பகக் குஞ்சு கிடைக்க வழி செய்யுங்கள், மீன் கடைகளில் ஆன்டிபயாடிக் விற்பதை நிறுத்துங்கள் என்று மீன்வளத்துறையிடம் நாம் கேட்க வேண்டும். விதையும் மருந்தும் ஒரே கடையில் வாங்கி உழவன் பட்ட கடன் போதும். மீன் வளர்க்க வருகிற பிள்ளையும் அதே குழியில் விழ வேண்டாம்.