வீட்டுப் பட்டறை: பாரந்தாங்கும் இறப்பர்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மலைக்கு வான் ஏறும்போது, அடியில் ‘டொக்’கென்று ஓசை கேட்கின்றதா? கிளட்சை விடுந்தோறும் வண்டி உதறுகின்றதா? கியர்ப்பெட்டியே பழுதென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதனைத் தாங்கும் ‘மவுண்ட்’ கிழிந்திருக்கலாம்.

இரும்புத் தகடுகளோடு ஒட்டப்பட்ட இறப்பரே மவுண்ட். எஞ்சினின் அதிர்வு வண்டியின் சட்டத்திற்குச் செல்லாது காப்பது அதன் தொழில். ஒழுகும் எண்ணெயும் வெப்பமும் நாளடைவில் அதனை அழித்துவிடும்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் பரவலாக மீண்டும் தொடங்கிற்று. அதுவரை பழைய வானைப் பேணுவதன்றி வேறு வழியில்லாதிருந்தது. இன்றும் பல வீட்டு முற்றங்களே பட்டறைகள்.

கியர்ப்பெட்டி நீளவாக்கில் அமைந்த பெரும்பாலான வான்களில், பின் மவுண்டை மாற்றப் பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. பலகை வைத்து ஜாக்கியால் பெட்டியைத் தாங்கி, குறுக்குச் சட்டத்தை இறக்கினாற் போதும். கிளட்சுக்காகப் பெட்டியையே இறக்க நேரின், எஞ்சினுக்கும் தனியே முட்டுக் கொடுத்தல் வேண்டும். அன்றேல் அது பின்சாய்ந்து முன் மவுண்டுகளையும் கெடுத்துவிடும்.

மாணவர்களே, இதனை மறவாதீர்கள்: பின்சில்லுகளுக்குச் செல்லும் சுழல்தண்டைக் கழற்றியதும், கியரில் நிறுத்திய வண்டியும் உருளும். மலைநாட்டு முற்றங்களோ சரிவானவை. ஆகவே சமநிலம் தேடி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்திய பின்னரே அடியிற் புகுதல் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கே உரியது. செங்கல்லையும் நம்பலாகாது. வேலை முடியுமட்டும் பிள்ளைகள் வண்டியில் ஏறாது பார்ப்பது வீட்டிலுள்ளோர் கடமை.