புள்ளியா, சதுர அடைப்பா?

பிளஸ் டூ படிக்கும் பேத்தி நேற்று பைதானோடு அழுதுகொண்டிருந்தாள். டிக்‌ஷனரிக்குள் இருக்கும் மாணவியின் மதிப்பெண்ணை எடுக்க வரவில்லை. டியூஷனில் கேட்டதற்கு, "மனப்பாடம் பண்ணு" என்றார்களாம். எனக்கு வந்ததே கோபம்!

இதில் மனப்பாடத்துக்கு என்ன இருக்கிறது? நான் அட்டெண்டன்ஸ் எடுத்தது ஞாபகமிருக்கிறதா, பிள்ளைகளே? "12" என்றால் ஒருவர் எழுந்து நிற்பீர்கள். அதற்குப் பிறகுதானே மதிப்பெண் கேட்பேன்? மாணவர்[12] என்பது அந்தக் கூப்பிடுதல். எழுந்தது கிளாஸிலிருந்து உருவாக்கிய ஆப்ஜெக்ட் என்றால் மாணவர்[12].மதிப்பெண். எழுந்ததும் ஒரு டிக்‌ஷனரி என்றால் மாணவர்[12]["மதிப்பெண்"]. அங்கே போய்ப் புள்ளி வைத்தால் அட்ரிபியூட் எரர்தான். (பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.)

ஐ.டி.யில் இருப்பவர்களே, வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் இல்லையா?