சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள் எங்கே?

கோலாலம்பூரில் இன்று லாலாபோர்ட் பேரங்காடி நிற்கும் வளாகத்தில்தான் முன்பு புடு சிறைச்சாலை இருந்தது. 1942இல் ஜப்பானியர் அங்கே நேசநாட்டுப் போர்க்கைதிகளை அடைத்து வைத்தனர். அவர்களில் பலர் பின்னர் சயாம்-பர்மா ரயில் பாதை போட அனுப்பப்பட்டனர்.

415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையின் வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை நடந்த காலத்தில் மலைக்காடுகளில் முகாம்கள் முளைத்தன. மூன்று பகோடா கணவாய்க்கு அருகிலிருந்த சோங்குராய் அவற்றுள் ஒன்று. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து ‘எஃப்’ பிரிவு என்ற பெயரில் சுமார் 7,000 கைதிகள் அந்த வட்டார முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ரயிலில் பான் போங் வரை வந்தவர்கள், அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். அடைமழையிலும் பசியிலும் காலராவிலும் சுமார் 3,100 பேர் மாண்டனர்.

இந்தக் கணக்கு நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், கைதிகளுக்குப் படைப் பட்டியல் இருந்ததுதான். இறந்தவர்களின் பெயர்களை அவர்களின் அதிகாரிகள் குறித்து வைத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அதே பாதையில் வேலை செய்ய மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகவும் அவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் கணக்குகள் பல்லாயிரக்கணக்கில் வேறுபடுகின்றன. பெயர் எழுத ஆளில்லாமல் போனதே காரணம்.

எஸ்பிஎம் தேர்வில் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். ஆனால், நம் குடும்ப வரலாறு எந்தப் பாடநூலிலும் இருக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் பல குடும்பங்கள் ஒரு காலத்தில் தோட்டத்தில் இருந்தவைதாம். ஜப்பான் காலத்தில் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது.

பள்ளி வரலாற்றுக் கழகங்கள் இதை ஒரு திட்டமாக எடுத்துச் செய்யலாம் என்பது என் கருத்து. கேள்விகள் ஐந்து போதும்: போனவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? எப்போது போனார்? யாருடன் போனார்? திரும்பி வந்தாரா? தாத்தா பாட்டி சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நினைவு பிசகலாம், அதனால்தான் இந்தக் குறிப்பு முக்கியம். ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்திலும் இன்னொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஒப்படைக்க முயலுங்கள்.

மாணவர்களே, வரும் பள்ளி விடுமுறையில் வீட்டிலுள்ள மூத்தவரிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள்.