காற்சட்டை ஊத்தையான பிள்ளையை அடிக்காதீர்கள்

களுவாஞ்சிக்குடித் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும்,

நான் லண்டனுக்கு வந்து 16 வருடமாகிறது. ஊரில் வாய்விட்டுக் கதைக்க வெட்கப்படும் ஒரு விசயத்தை எழுதுகிறேன்.

மகனுக்கு அப்போது 6 வயது. தினமும் காற்சட்டையில் கொஞ்சம் மலம் கசிந்திருக்கும். வயிற்றோட்டம் என்று நினைத்துப் பழத்தையும் கீரையையும் நிறுத்தினேன். வேண்டுமென்றே செய்கிறான் என்று ஒருநாள் அடித்தும் விட்டேன். வைத்தியர் வயிற்றை அமர்த்திப் பார்த்துவிட்டு, மலச்சிக்கல் என்றார். உள்ளே மலம் இறுகிக் குடல் விரிந்து கிடக்க, இளகிய மலம் அதன் பக்கத்தால் வழிகிறதாம். விரிந்த குடலுக்கு முட்டுவதே தெரியாது. தனக்கே தெரியாமல் நடந்ததற்குத்தான் பிள்ளை அடி வாங்கினான்.

ஒருநாள் மலம் போகும்போது நொந்திருக்கும். அந்தப் பயத்தில் பிள்ளைகள் அடக்குவார்கள்; அடக்க அடக்க இன்னும் இறுகும். காலைப் பின்னிக்கொண்டு கதவோரம் நுனிக்காலில் நிற்கும் பிள்ளை முக்கவில்லை, அடக்குகிறது. பாடசாலைக் கக்கூசுக் கதவு பூட்டாவிட்டாலும் அடக்கும்.

இலங்கையில் 10 முதல் 16 வயது வரையான மாணவரிடம் ராஜிந்திரஜித், தேவநாராயண குழுவினர் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், 15.4 வீதமானோருக்கு மலச்சிக்கல் இருந்தது. யுத்தம் பாதித்த இடங்களில் 18.1 வீதம், மற்ற இடங்களில் 13.7. நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

ஆசனவாயில் சவுக்காரத் துண்டும் வெற்றிலைக் காம்பும் வைத்தால் அன்றைக்குப் போகும், பயமும் கூடும். பப்பாளியும் முருங்கையிலையும் நல்லவைதான். இறுகிக் கிடப்பதை அவை மட்டும் இளக்காது. நம்மூர் ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். தரும் பாணியையோ தூளையோ, ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரம் கக்கூசில் 5, 10 நிமிடம் இருத்துங்கள். கொமட் என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். பால்மாவால் வயிற்றை நிரப்பாதீர்கள்.

பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் மலம் போகாத குழந்தையையும், வயிறு உப்பி வாந்தியெடுக்கும் பிள்ளையையும் தாமதிக்காமல் கொண்டு போங்கள்.

மற்றப்படி, காற்சட்டை ஊத்தையாக வந்தால் சத்தம் போடாமல் கழுவிவிட்டு வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். நான் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை