சாச்சாவும் மாமாவும் அங்கிளா?

அரபுச் சொல்லுக்குப் பொருள் தேட நம்மில் பலர் ஆங்கில அகராதியைத்தான் புரட்டுகிறோம். தமிழ் பேசும் நமக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு?

ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்றால் வசந்தகாலம், சுருள்கம்பி, நீரூற்று மூன்றும்தான். கப்பல்துறைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றை ஆங்கிலம் வழியே அரபாக்கினால் அது 'ரபீஉ' ஆகி, சூடான வசந்தகாலமாய் முடியலாம்! ஊற்றுக்கு அரபியில் 'ஐன்'. கண்ணுக்கும் அதே சொல்தான். நாமும் 'ஊற்றுக்கண்' என்றுதானே சொல்கிறோம்? மூஸா நபி (அலை) அவர்கள் பாறையில் அடித்தபோது பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டதைச் சொல்லும் ஸூரதுல் பகராவின் 60ஆம் வசனத்தில் வருவதும் இந்த 'ஐன்'தான்.

இது வேடிக்கை. 'அங்கிள்' அப்படியல்ல. வாப்பாவின் சகோதரர் அரபியில் 'அம்மு', உம்மாவின் சகோதரர் 'கால்'. நமக்கும் சாச்சா வேறு, மாமா வேறு. ஆங்கிலத்துக்கோ இருவரும் ஒன்று. வாரிசுரிமைச் சட்டத்தில் வாப்பாவின் சகோதரர் 'அஸபா'. மாமா அந்த வரிசையிலேயே இல்லை, அவர் 'தவுல் அர்ஹாம்'. பாகப்பிரிவினையை 'அங்கிள்' என்று படித்த மாணவி, நாளை ஒரு மையித்தின் சொத்தை யாருக்குக் கொடுக்கச் சொல்வாள்?

ஆங்கிலம் வேண்டாமென்பதல்ல. உயர்கல்விக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் நம் கொப்பிகளில் அரபுச் சொல்லுக்கு அடுத்த நிரலில் முதலில் தமிழை எழுதுவோம்.