ஸ்பிரிங் இருக்கா, பாய்?



குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். முக்கால் பக்கம் சென்ற இதழின் சிறுகதையைப் பற்றி. கடைசி இரண்டு வரி மட்டும் வேறு விஷயம்: "ஆசிரியர் காட்பாடிக்காரர்தானே? ஸ்கிரீன் மாட்டுகிற ஸ்பிரிங் அங்கே எந்தக் கடையில் கிடைக்கிறது? இங்கே கேட்டால் சிரிக்கிறார்கள்." சிறுகதைக்கு எழுத்தாளர் பதில் எழுதிக்கொள்வார். ஸ்பிரிங்குக்கு நான்தான் எழுதவேண்டும். போன சித்திரையில் அதே சிரிப்பை நானும் வாங்கி வந்தவன்.

பார்த்திராத பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பென்சில் தடிமன்கூட இல்லாத நெருக்கமான சுருள்கம்பி, மேலே வெள்ளை பிளாஸ்டிக் உறை. இரு முனையிலும் திருகி ஏற்ற ஒரு சின்னக் கண், ஜன்னலின் மரச்சட்டத்தில் இரண்டு கொக்கி. பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் துணியின் மேல்மடிப்பில் கோத்து, இழுத்து மாட்டினால் தீர்ந்தது. டிரில்லிங் மிஷின் வேண்டாம், ஆளும் வேண்டாம். பழைய அம்பாசடர் கார்களில் அதிகாரிகளை வெயிலிலிருந்து காப்பாற்றிய திரைகள் இதில்தான் தொங்கின.

வேலூரை வெயிலூர் என்பது பழைய கிண்டல். பாலாற்றுக்கு இக்கரை என்பதற்காகக் காட்பாடிக்குச் சூரியன் தள்ளுபடி எதுவும் தருவதில்லை. பகலில் வெயிலை மறைக்கவேண்டும், சாயங்காலம் நாலு இழை காற்று வந்தால் அதை உள்ளே விடவும் வேண்டும். கனத்த ஸ்கிரீன் முதல் வேலையை நன்றாகச் செய்யும், இரண்டாவதைக் கெடுத்துவிடும். அதனால் வீட்டில் என் பழைய நாலு முழ வேட்டி ஒன்றை மடித்துத் தைத்தார்கள். கால் கிலோ தேறாது.

அதை மாட்ட ஸ்பிரிங் கேட்டால், முதல் கடையில் எடுத்துப் போட்டது ஒரு அங்குல ஸ்டீல் ராடு, இரண்டு பிராக்கெட், முனைக்கு மாட்டும் குமிழ்கள். கோவணத்துக்கு இடுப்பு பெல்ட் போட்ட மாதிரி. "இதான் சார் இப்ப ஓடுது" என்றார் கடைக்காரர். வேலூர் லாங்கு பஜாரில் ஒரு கடையில் கொக்கி மட்டும் இருந்தது. ஸ்பிரிங் வந்து வருஷக்கணக்காகிறதாம்.

அவர்கள்மேல் தப்பில்லை. கொக்கியைக் கையால் திருகி இறக்க மரச்சட்டம் வேண்டும். இன்று கட்டுகிற வீடுகளில் ஜன்னல் யுபிவிசி, அல்லது சிமென்ட் சட்டம். கொக்கி எங்கே இறங்கும்? பெரிய வளையம் வைத்த ரிங் ஸ்கிரீனும் வந்துவிட்டது. அதற்கு ராடுதான் பொருத்தம். போதாததற்கு, அடிக்கணக்கில் ஸ்பிரிங் வெட்டித் தந்து கடைக்காரருக்கு என்ன மிஞ்சப்போகிறது?

வழி காட்டியது ஒரு வேன். காட்பாடி ஜங்ஷன் வாசலில், சிஎம்சிக்குப் போகும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னல்களில் பச்சைத் திரை. மேலே ஒரு ஸ்பிரிங், காற்றில் படபடக்காமல் இருக்கக் கீழே இன்னொன்று. இந்தச் சாமானை ஸ்கிரீன் கடையில் தேடியதுதான் என் மடத்தனம். சித்தூர் போகும் சாலையில், வண்டிக்கு சீட் தைக்கும் குஷன் கடை ஒன்றில் போய் நின்றேன்.

"ஸ்பிரிங் இருக்கா, பாய்?"

"எத்தன அடி சார்?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! நாலு அடி என்றேன். "ஜன்னல் நாலடியா, ஸ்பிரிங் நாலடியா?" என்றார். விழித்தேன். நாலடி ஜன்னலுக்கு மூணே முக்கால் அடிதான் வெட்டவேண்டுமாம். சரியான அளவுக்கு வெட்டினால் நடுவில் தொய்யும். ரொம்பக் குறைத்தால் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு வரும். கொக்கி தாங்குவது துணியின் பாரத்தை மட்டுமல்ல, ஸ்பிரிங்கின் இழுப்பையும். எவ்வளவு நீட்டுகிறோமோ அந்த விகிதத்தில் விசையும் ஏறும் என்று 1678-ல் லண்டனில் ஒருவர் அச்சிட்டு வெளியிட்டார். அவர் பெயர் ராபர்ட் ஹூக். கொக்கிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் வாய்ப்பார்கள்?

பாய் இன்னொன்றும் சொன்னார். வெட்டிய முனை கூர்மையாக இருக்கும், அப்படியே கோத்தால் மெல்லிய துணியில் மாட்டி இழை இழையாக உருவிவிடும். பேனா மூடி ஒன்றை முனையில் செருகிக்கொண்டு கோக்கவேண்டும். செய்தேன், வழுக்கிக்கொண்டு போனது.

இன்னொரு அறையில் யுபிவிசி ஜன்னல், கொக்கிக்கு வழியில்லை. அதைச் சொன்னதும் பாய் மேஜைக்கடியிலிருந்து ஒரு கைப்பிரஸ்ஸை எடுத்தார். ஷூவில் லேஸ் கோக்கிற இடத்தில் பித்தளைக் கண் அடிப்பார்களே, அதே கருவி. அவர் தம்பி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாராம். வேட்டித்துணியில் நேராகக் கண் அடித்தால் ஒரே வாரத்தில் கிழிந்துவிடும் என்று, எட்டணா அகலத்துக்கு லைனிங் தோல் துண்டு வெட்டித் துணிக்குப் பின்னால் வைத்து, ஒரே அமுக்கு. டக். ஒரு சாண் இடைவெளியில் ஆறு கண். ஒவ்வொன்றிலும் ஷூ லேஸ் கோத்து, மேல் கிரில் கம்பியில் முடிச்சுப் போட்டேன். தோல் ஊரில் ஸ்கிரீன் இப்படித்தான் தொங்கும் என்று வீட்டில் ஒரே சிரிப்பு. தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே குடியாத்தம் சகோதரிக்கு: காட்பாடி வரை பஸ் ஏறவேண்டாம். உங்கள் ஊரிலேயே வேன், ஆட்டோவுக்கு சீட் தைப்பவரிடம் முதலில் கேளுங்கள். ஜன்னல் அளவைச் சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். துணிக்கு உங்கள் ஊர்த் தறிக்காரர்களை விடவா?

அப்படியும் கிடைக்காவிட்டால் எழுதுங்கள். என்னிடம் ஒன்றரை அடி ஸ்பிரிங் மிச்சம் இருக்கிறது, தபாலில் அனுப்பலாம் என்றிருந்தேன். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் யாரோ ஜன்னலை அளக்கும் சத்தம் கேட்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்