வெளிநாட்டுக்குப் போகும் இறாலுக்குச் சோதனை! நம்ம ஊர் இறாலுக்கு?

 

நெல் விளைந்த பூமி இறால் குட்டையாகிப் போன கதை நமக்குப் புதிதல்ல. விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2005ல் தனிச் சட்டமே போட்டுப் பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டார்கள். உப்பேறிய வயலைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். குட்டையில் வளரும் கிருமியைப் பற்றி இன்று பேசுவோம்.

விப்ரியோ என்று ஒரு பாக்டீரியா. காலரா கிருமிக்குப் பங்காளி. உப்புத் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும். குஞ்சுகளை நெருக்கி விட்டு, மிச்சத் தீவனமும் கழிவும் அடியில் அழுகி, தண்ணீரும் சூடேறினால் பல்கிப் பெருகும். குஞ்சு விட்ட ஒரு மாதத்துக்குள் இறாலைக் கூண்டோடு சாகடிக்கும் நோய்க்கு இதில் ஒரு வகைதான் காரணம் என்று 2013ல் கண்டுபிடித்தார்கள்.

மனுஷனையும் இது விடாது. அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி, பேதி. இன்னொரு வகை கால் புண் வழியாகவே உடம்பில் ஏறும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உயிருக்கே ஆபத்து. குட்டையில் இறங்கி வேலை பார்ப்பது யார்? முதலாளியா? நம்ம வீட்டுப் பிள்ளைகள்தானே!

கிருமிக்குப் பயந்து சிலர் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொட்டுகிறார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை தடை செய்யப்பட்ட மருந்துகள். நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும். மருந்தின் எச்சம் முழுசாகப் போகாது. மருந்துக்கும் சாகாத கிருமியோ வடிகால் தண்ணீரோடு நம்ம வாய்க்காலுக்கு வரும். நாளைக்கு நமக்கு நோய் வந்தால் ஆஸ்பத்திரி மருந்து கேட்குமா?

வெளிநாட்டுக்காரன் உஷாராக இருக்கிறான். இந்திய வளர்ப்பு இறால் 10 சரக்கு வந்தால் 5 சரக்கைச் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் உத்தரவு போட்டது. நம்ம சந்தைக் கூடையில் இருக்கும் இறாலை அதிகாரி எடுத்துச் சோதித்ததை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவன் வயிறு வயிறு, நம்ம வயிறு வண்ணான் சாலா?

இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் குட்டை போட்ட ஏழை நமக்கு எதிரியல்ல. சரக்கு திரும்பினால் விலை விழுந்து முதலில் சாகிறவன் அவன்தான். மருந்தை விற்றவனுக்கும் தீவனக் கம்பெனிக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

எனவே நாம் கேட்கிறோம்:

1. உள்ளூர்ச் சந்தை இறாலையும் ஐஸையும் முறையாகச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டு!
2. சுத்தம் செய்யாத குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் விடாதே!
3. தடை மருந்தை விற்கும் கடைக்காரன் மீது வழக்குப் போடு!
4. குட்டைத் தொழிலாளிக்கு முழங்கால் பூட்ஸும் கையுறையும் கொடு! புண் உள்ளவரைத் தண்ணீரில் இறக்காதே!

அதுவரை நம்ம வீட்டில்: ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த இறாலை வாங்காதீர்கள். நாற்றம் இல்லாததால் கிருமி இல்லை என்று நம்பாதீர்கள். உள்ளே வரை வேகவிட்டுச் சாப்பிடுங்கள்.

அடுத்த கிராம சபையில் இந்த நாலு கோரிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றுவோம். ஒருத்தர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் உத்தரவு!

திரண்டு வாருங்கள்! மண்ணையும் தண்ணீரையும் காப்போம்!